சிக்ரி ஓபன் டேக்கு எந்தச் சாலை: திருச்சியா, மதுரையா, அறந்தாங்கியா?

பிளஸ் டூ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காரைக்குடியில் சிக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை, அது எல்லோருக்கும் திறந்திருக்கும் ஓபன் டே அன்று பார்க்கக் கிளம்பும் வீடுகளில், "போற வழியில என்னென்ன பார்க்கலாம்?" என்ற பேச்சுதான் முதலில் எழும். அதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள். செப்டம்பர் என்றால் ஒரு சாலை, பிப்ரவரி என்றால் வேறு சாலை. இதைக் கவனிக்காமல் புறப்பட்டவர்கள்தான் பறவை இல்லாத கண்மாயையும், கால் வைக்க முடியாமல் சுடும் பாறையையும், நடை சாத்திய கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

சிக்ரி, அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆரின் ஆய்வகங்களில் ஒன்று. அந்த மன்றம் நிறுவப்பட்டது 1942 செப்டம்பர் 26 அன்று. அந்த நாளை ஒட்டி அதன் ஆய்வகங்கள் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் கதவைத் திறந்துவிடுவது வழக்கம். இன்னொரு வாய்ப்பு பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். 1928-இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டதன் நினைவு. இரண்டில் எந்த நாளில், எந்த நேரத்தில் திறப்பார்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு வாரம் முன்னதாக ஆய்வகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு, வாயிலில் அடையாள அட்டை வேண்டுமா என்பதையும் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எந்த வளாகம் என்று தெளிவாகட்டும்

காரைக்குடிக் கல்லூரிச் சாலைப் பக்கம் வந்தால் எங்கு பார்த்தாலும் அழகப்பர் பெயர்தான். கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-இல் கலைக்கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று, அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அந்த ஆய்வகத்தைத்தான் ஊரில் சிக்ரி என்கிறோம். அழகப்பா பல்கலைக்கழகம் பின்னால் 1985-இல் வந்தது.

பெயர் ஒன்றாக இருப்பதால் பெற்றோர் குழம்புவது அடிக்கடி நடக்கிறது. பல்கலைக்கழக வளாகத்தில் நடப்பது பெரும்பாலும் முதுகலைப் படிப்பும் ஆராய்ச்சியும். பிளஸ் டூ முடித்த பிள்ளை பி.எஸ்சி. சேர விரும்பினால் பார்க்கவேண்டியது அரசு கலைக்கல்லூரியை. பொறியியல் என்றால் அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியை. இது 1952-இல் தொடங்கியது. சிக்ரியில் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிப்பு உண்டு. படித்துக்கொண்டே ஆய்வகத்துக்குள் நடமாடும் வாய்ப்பு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. அந்த ஆண்டுச் சேர்க்கை எப்படி என்பதை ஓபன் டே அன்றே அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடலாம்.

ஒரே நாளில் இந்த வளாகங்கள் எல்லாவற்றையும் சுற்றவேண்டாம். சிக்ரிக்கு மூன்று மணி நேரம் கொடுங்கள். மற்றவற்றை வேறு எந்தச் சாதாரண நாளில்கூடப் பார்த்துக்கொள்ளலாம், ஆய்வகம் அப்படித் திறந்திருக்காது.

உள்ளே போனதும் பிள்ளைகள் மொய்ப்பது மின்கலன் பகுதியைத்தான். மின்சாரத்தால் உலோகப் பூச்சு ஏற்றும் மின்முலாம் பகுதியையும், துருப்பிடிப்பது போன்ற உலோக அழிவை ஆராயும் அரிமானப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறோம். மின்முலாம் பகுதியில் பிள்ளை கேட்கவேண்டிய ஒரு கேள்வி: "இரும்பு ஆணியை மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலில் வெறுமனே போட்டாலே செம்பு ஒட்டிக்கொள்கிறதே, பிறகு மின்சாரம் எதற்கு?" அப்படித் தானாக ஒட்டும் செம்பு இரும்பைக் கரைத்து அந்த இடத்தில் உட்காருகிறது. அதனால் பொடிப்பொடியாக இருக்கும், துடைத்தால் வந்துவிடும். இதைத் தவிர்க்க முதலில் வேறொரு குளியலில் மெல்லிய அடிப்பூச்சு கொடுத்துவிட்டுத்தான் செம்பு ஏற்றுவார்கள். முலாம் உரிவதற்கு இன்னொரு காரணம் கைரேகை எண்ணெய். எண்ணெய் நீக்குவது, அமிலத்தில் நனைப்பது, கழுவுவது, இதற்கெல்லாம் பிறகே முலாம். இந்த வரிசையை அங்கே இருப்பவர்கள் வாயால் கேட்ட பிள்ளை, மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு பழைய கூஜாவைக் கையில் எடுக்கும் விதமே வேறாக இருக்கும்.

அரிமானப் பகுதியில், பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊரான மண்டபம் பற்றிக் கேளுங்கள். கடற்காற்றில் உலோகமும் கான்கிரீட்டும் எப்படி அழிகின்றன என்று பார்க்கச் சிக்ரி அங்கே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டதும் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் உள்ளிருந்தே கான்கிரீட் வெடிக்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை ஏன் அத்தனை ஆண்டுகள் இடைவிடாமல் பராமரிக்கவேண்டி இருந்தது என்பது இதைக் கேட்டால் விளங்கும்.

பள்ளிக் கூட்டங்கள் பேருந்து பேருந்தாக இறங்கும் நாள் அது. நெரிசல் சேர்ந்துவிட்டால் விளக்கிச் சொல்ல அவர்களுக்கும் நேரமிருக்காது. வாயில் திறக்கும்போதே உள்ளே இருக்கப் பாருங்கள். பாதம் மூடிய செருப்பு, முழங்கால் மூடிய உடை, ஒரு குறிப்பேடு போதும். புகைப்படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஆக, எந்தச் சாலையில் வந்தாலும் காலை சிக்ரிக்கு, வழிக் காட்சிகள் திரும்பும்போது. இந்த முறையை மாற்றுவதால்தான் பெரும்பாலான பயணங்கள் கெடுகின்றன.

செப்டம்பர் என்றால் திருச்சிச் சாலை

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காலை ஆறரைக்குக் கிளம்பினால் நடுவில் ஒரு டீக்கு நிறுத்தியும் எட்டரை, ஒன்பதுக்குள் காரைக்குடியில் இறங்கிவிடலாம். போகும்போது எங்கும் ஒதுங்கவேண்டாம். திருமயம் கோட்டை சாலையிலிருந்தே தெரியும், பிள்ளைகள் நிறுத்தச் சொல்வார்கள். மாலையில் வருவோம் என்று சொல்லிவிடுங்கள்.

மதியம் ஒரு மணிக்கு வெளியே வந்து மெஸ்ஸில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, முதலில் ஆத்தங்குடி. ஆய்வகத்தின் பாடம் நேராகத் தொடர்வது இங்கேதான். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூவேலை அச்சு. அச்சின் அறைகளில் நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை நேராக மேலே தூக்குவார்கள். கை சற்றுச் சாய்ந்தால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும், அந்தக் கல் வீண். பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுவார்கள், அது அதிகப்படியான ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் கலவையை நிரப்பிக் கையால் அழுத்திச் சமப்படுத்துவார்கள். ஒரு நாள் விட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினால் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளும்.

பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று பிள்ளையைக் கேளுங்கள். யாரும் மெருகேற்றவில்லை, கண்ணாடியின் வழவழப்பை அப்படியே சிமெண்டு வாங்கிக்கொண்டது. ஏன் தண்ணீரில் போடவேண்டும்? சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஈரம் சீக்கிரம் போய்விட்டால் கல் பலவீனமாக நின்றுவிடும். பெரும்பாலான நிறங்கள் இரும்பு ஆக்ஸைடுகள். காலையில் அரிமானப் பகுதியில் எதிரியாகப் பார்த்த துருவின் உறவுக்காரர்தான் இங்கே தரையில் சிவப்புப் பூவாக உட்கார்ந்திருக்கிறார்.

வாங்கும் எண்ணம் இருந்தால் கணக்கு இது. பத்தங்குலக் கல் சதுரம் சதுரமாக 144 வைத்தால் 100 சதுர அடி. முக்கால் அங்குலப் பருமனில் ஒரு கல் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. அப்படியென்றால் ஓர் அறைக்கு 360 கிலோவுக்கு மேல். கார் டிக்கியில் ஏற்றவே கூடாது, லாரி சர்வீஸில் அனுப்பச் சொல்லுங்கள். பதித்தபின் ஆசிட் கலந்த திரவத்தால் துடைத்தால் சிமெண்டு மேற்பரப்பு அரித்துப் பளபளப்பு போய்விடும், எலுமிச்சைச் சாறு சிந்தினாலும் தடம் விழும். உமியும் தேங்காய் எண்ணெயும் போட்டுத் தேய்ப்பதுதான் ஊர் வழக்கம். ஞாயிறு அன்று வார்ப்பு வேலை நடக்காத பட்டறைகள் உண்டு, போகுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது கானாடுகாத்தான். இந்த ஊரைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார்தான் 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமையக் காரணமானவர். ஒரு பல்கலைக்கழகம் பார்க்க வந்த பிள்ளைக்கு, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு வித்திட்டார்கள் என்பது தெரியட்டும். இங்குள்ள செட்டிநாட்டு அரண்மனையின் உட்புறம் பொதுவாகப் பார்வைக்குத் திறப்பதில்லை. வெளியே நின்று பார்த்துவிட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சில்லறையாகப் பணம் கையில் இருக்கட்டும். முகப்பில் நுழைந்து, வளவு என்னும் நடுமுற்றத்தைத் தாண்டி, அதற்கடுத்த இரண்டாங்கட்டு வழியாக நடந்தால் பின்தெருவில் வந்து நிற்பீர்கள். சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, கோடை மதியத்திலும் குளிர்ந்திருக்கும். இத்தகைய சுவரின்மேல் இப்போதைய பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த வீடுகளையும் காண்பீர்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். ஈரம் வெளியேற வழி அடைபட்டதும் பெயிண்ட் கொப்பளித்துப் பொருக்கு பொருக்காக உதிரும். பார்க்கவே மனம் வலிக்கிறது. செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருப்பதால் மட்டும் ஒரு சுவரும் காப்பாற்றப்படாது, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும்.

நாலே முக்கால் போல் திருமயம். இந்த நேரம்தான் சரி. நண்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும், பாறையோ செருப்பில்லாமல் ஓரடி வைக்கவிடாது. மாலையில் இரண்டு தொல்லையும் இல்லை. கோட்டையை 1687-இல் கட்டியவர் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி. டிக்கெட் வாங்கி உடனே மேலே ஏறிவிடுங்கள், மூடும் நேரம் நெருங்கினால் அனுப்ப மாட்டார்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. ஏறும் வழியில், பாறையின் நடுவயிற்றில், இரும்பு ஏணி வைத்த ஒரு சின்னக் குடைவரை, உள்ளே லிங்கம். கவனிக்காமல் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். உச்சியில் பீரங்கி. இறங்கிவந்து அடிவாரத்தில் சத்தியமூர்த்திப் பெருமாளையும் சத்தியகிரீசுவரரையும் பாருங்கள். ஒரே பாறையில் அடுத்தடுத்து இரண்டு குடைவரைகள், ஒருவர் வைணவர், ஒருவர் சைவர். இரு கோயில்களுக்கும் இடையே நிலமும் வருமானமும் குறித்து எழுந்த தகராறை 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சளத் தளபதி ஒருவர் தீர்த்துவைத்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

புதுக்கோட்டை நோக்கிப் போகும்போது நமணசமுத்திரத்தில் ஐயனார் கோயில். வரிசை வரிசையாக மண் குதிரைகள் நிற்கின்றன. வெளிச்சம் இருந்தால் பத்து நிமிடம் இறங்குங்கள். இவ்வளவு பெரிய மண் உருவம் சூட்டில் வெடிக்காமல் எப்படி வந்தது? களிமண்ணோடு மணலும் உமியும் கலக்கிறார்கள், உடலை உள்ளே வெற்றிடமாக வைக்கிறார்கள், ஆவி வெளியேறத் துளை விடுகிறார்கள். துளையைத் தேடிக் கண்டுபிடிப்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.

சித்தன்னவாசலை இந்த நாளோடு சேர்க்காதீர்கள். புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஒதுங்கிப் போகவேண்டிய இடம், மாலையில் மூடிவிடும். ஏழடிப்பட்டத்தின் தமிழ்ப் பிராமி எழுத்துக்கும் அறிவர் கோயில் ஓவியத்துக்கும் தனியாக ஒரு முற்பகல் வேண்டும்.

பிப்ரவரி என்றால் மதுரைச் சாலை

மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாக வருவதும் தூரத்தில் கிட்டத்தட்ட இதே அளவு. இந்தச் சாலையின் அருமை வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களைச் சேர்த்து 1977-இல் அறிவிக்கப்பட்டது. நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் வந்து கூடு கட்டும். இந்த ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு தீபாவளி நாளில் ஊர் முழுக்கச் சேர்ந்து குழந்தைகளையும் அதற்கு இணங்கவைப்பது எத்தனை பெரிய காரியம்! எந்தப் பல்கலைக்கழகச் சூழலியல் துறையும் தன் மாணவர்களை முதலில் கூட்டிப்போகவேண்டிய ஊர் இது.

ஆனால் பறவை வரத்து நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான், அதுவும் கண்மாயில் தண்ணீர் நின்றால். செப்டம்பர் இறுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்காது, வறண்ட கரையைத்தான் பார்ப்பீர்கள். பிப்ரவரி 28-இல் கடைசிக் கூட்டம் இன்னும் இருக்கும். அன்றும் நண்பகலில் போய்ப் பயனில்லை. காரைக்குடியிலிருந்து மூன்று மணிக்குக் கிளம்பினால், திருப்பத்தூரில் மருது சகோதரர் நினைவிடத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு (அவர்கள் இந்த ஊரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24), பறவைகள் கூடடையும் நேரத்துக்குக் கண்மாய்க் கரையில் இருக்கலாம். பைனாகுலர், மங்கலான நிறத்தில் சட்டை, பேச்சு வேண்டாம்.

பிள்ளையார்பட்டி மட்டும் போகும்போதே பார்க்கவேண்டியது. காலையில் நடை திறந்ததும் கூட்டம் குறைவு, ஆய்வகம் திறக்கவும் நேரமிருக்கும். ஆறடி உயரத்தில், இரண்டே கைகளோடு, வலம்சுழித் துதிக்கையோடு பாறையிலேயே குடைந்தெடுத்த பிள்ளையார். நகரத்தார் ஒன்பது கோயில்களில் ஒன்று. அதே ஒன்பதில் சேர்ந்த வைரவன்பட்டியும் இந்தச் சாலைப் பக்கம்தான், கல்தச்சு வேலை பிடித்தவர்கள் அதற்கும் அரை மணி ஒதுக்குங்கள்.

அறந்தாங்கி வழி

தஞ்சாவூர், பட்டுக்கோட்டைப் பக்கத்தவர்களுக்கு இதுதான் இயல்பான வழி, மற்றவர்கள் சுற்றிக்கொண்டு வரத் தேவையில்லை. இதில் ஒரே ஒரு இடம், ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகரோடு இணைந்த திருப்பெருந்துறை. கருவறையில் லிங்கம் இல்லை, அதன் பீடமான ஆவுடை மட்டும். கொடிமரமும் நந்தியும் கிடையாது. கல்லை மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் போலச் செதுக்கிய கொடுங்கைகளை, அதாவது வளைந்த கூரை விளிம்புகளை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிப்பது தெரியாது. அறந்தாங்கியிலிருந்து போய்வர 30 கிலோமீட்டர் அளவில் கூடும், நடையும் மதியம் சாத்திவிடும். எனவே ஓபன் டே அன்று வேண்டாம், மறுநாள் தங்கிப் பாருங்கள்.

காரில் வராதவர்களுக்கு

திருச்சி, மதுரை இரண்டிலிருந்தும் காரைக்குடிக்குப் பேருந்துக்குக் குறைவில்லை. சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியில் முடிகிறது. பிற்பகல் கிளம்பி இரவில் சேர்வதால், முந்தைய நாள் வந்து தங்கிவிட்டால் ஆய்வக வாயிலில் முதல் ஆளாக நிற்கலாம். மதுரையிலிருந்து ரயில் என்றால் மானாமதுரை சுற்றித்தான் வரவேண்டும், பேருந்தே மேல்.

பேருந்தில் வருகிறவர்கள் ஆத்தங்குடிக்கு ஆட்டோ பேசி நேரத்தைக் கழிப்பதைவிட ஊருக்குள்ளேயே பார்க்கலாம். கம்பன் மணிமண்டப வளாகத்தில் தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில் இருக்கிறது. மொழிக்குக் கோயில் கட்டிய ஊர் என்பதை இங்கே படிக்க வரும் பிள்ளைகளே பலர் தெரிந்துகொள்ளாமல் போகிறார்கள். கம்பன் கழகத்தை 1939-இல் தொடங்கிய சா. கணேசனின் முயற்சி அது. பிறகு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள்.

அங்கே சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது இரும்பின்மேல் ஏற்றிய முலாம், காலையில் பார்த்த அதே வேலை. அடிப்பக்கத்தையும் கைப்பிடி சேருமிடத்தையும் பாருங்கள், முலாம் முதலில் தேய்வது அங்கேதான். எனாமல் தட்டு, தூக்கு எல்லாம் இரும்பின்மேல் கண்ணாடியை உருக்கிப் படியவைத்தவை. சிலவற்றின் அடியில் ஐரோப்பிய நாட்டு முத்திரை இருக்கும். விளிம்பில் பொரிந்த இடத்தில் துரு புகுந்தால் சுற்றியுள்ள எனாமலையும் அது தூக்கிவிடும், அத்தகையதற்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்பதால் அலமாரியில் வைக்கலாம், சாப்பிடப் பயன்படுத்தவேண்டாம். நூறாண்டு கடந்த பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொருந்தும், வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. சாமி சிலை யார் நீட்டினாலும் கையால் தொடாமல் நகர்ந்துவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோகத் தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை வாங்கினால் பயணத்தில் கெடாது. கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் சுட்ட சூட்டிலேயே சாப்பிடவேண்டியவை. கவுனி அரிசி வாங்குகிறவர்கள் முதல் நாள் இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்கவேண்டும், நிறம் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும்.